ஊதிய உயர்வும் நன்றியுரையும்

உத்தியோகத்தில் இருக்கும் ஒருவருக்கு ஊதியம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி கிடைத்த அன்று மாலை அவர் வீட்டுக்குக் கொஞ்சம் இனிப்பு வாங்கிச் செல்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், பழைய கடன் ஆகியவற்றை மனத்துக்குள் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். இவையெல்லாம் எளிதில் நடந்துவிடுகின்றன. எளிதில் நடவாத காரியம் ஒன்று மிஞ்சி நிற்கிறது. மேலதிகாரியின் அறைக்குள் சென்று நன்றி சொல்வதா, வேண்டாமா? சொல்வதானால் எவ்வாறு சொல்வது? அதிகம் சொன்னால் குழைவதுபோல் ஆகிவிடுமோ? சொல்லாவிட்டால் செருக்கு என்று எண்ணிவிடுவாரோ? சின்னஞ்சிறு கேள்விதான். ஆயினும் இதற்கு விடை காண இயலாமல் அறைக் கதவு வரை சென்று திரும்பி வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. இது மாதச் சம்பளத்தால் இயங்கும் நகரம். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1869-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹஜூர் கச்சேரிக் கட்டடம்தான் இன்று கேரள அரசின் தலைமைச் செயலகமாக நிற்கிறது. 1963-இல் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் வானில் ஏறியது. அதனைத் தொடர்ந்து விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் குடியேறினர். 1990-இல் டெக்னோபார்க் தோன்றியது. கணிப்பொறிமுன் அமரும் இளைஞர் கூட்டம் கழக்கூட்டத்தை நிறைத்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியது சாலைக் கடைத்தெரு. அங்கே நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடைப் பையன் இன்றும் முதலாளியை "அண்ணாச்சி" என்றே அழைக்கிறான். அரசு, விஞ்ஞானம், வணிகம் ஆகிய மூன்று உலகங்களிலும் ஊதியம் உயரும் விதம் வேறு. நன்றி சொல்லும் விதமும் வேறு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் பழந்தமிழில் "நன்றி" என்பது வாயால் சொல்லும் உபசார வார்த்தை அன்று. நன்மை, உதவி என்பதே அதன் பொருள். செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயர். செய்ந்நன்றி கூறுதல் என்று பெயர் இல்லை. அறிந்து நெஞ்சில் வைத்திருப்பதே போதும் என்று நம் முன்னோர் கருதினர் போலும். உதவியவருக்கு உடனே வார்த்தையால் பதில் சொல்லிவிட்டால் கணக்கைத் தீர்த்துக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்ற கூச்சமும் நம்மிடம் இருந்திருக்கிறது. நம் வீடுகளில் மகன் தாயிடம் நன்றி கூறினால், தாய் அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று கவலைப்படுவாள். மலையாளத்திலும் இதே சொல்தான். ஒன்று என்பது ஒந்நு என்றும், கன்று என்பது கந்நு என்றும் திரிவதுபோல நன்றி அங்கே நந்நி ஆயிற்று; இன்று நந்தி என்று எழுதுகின்றனர். புதிதாகத் திருவனந்தபுரம் வந்து சேரும் தமிழ் அன்பருக்கு, அலுவலகத்தில் எல்லாரும் ஏன் சிவபெருமானின் வாகனத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று இரண்டொரு நாள் ஐயம் தோன்றக்கூடும்.

சம்பளம் என்ற சொல்லுக்குச் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்தது என்று விளக்கம் கூறுவார் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் எல்லாரும் அதனை ஒப்புவதில்லை. ஆயினும் உழைப்பையும் உப்பையும் சேர்த்து நினைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ஊதியத்தைக் குறிக்கும் சொல் இலத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்ற பழமொழி நம் காதில் ஏறியிருப்பதால்தான், ஊதியம் தருபவர் எல்லாரும் நமக்கு உப்பிட்டவர் என்றும், அவர்முன் நாம் குனிந்து நிற்க வேண்டியவர் என்றும் ஓர் எண்ணம் தானாகவே எழுகிறது. இவ்வெண்ணத்தைச் சற்று நின்று பரிசோதிக்க வேண்டும். ஏனெனில் இதே மண்ணில் குனிவு எவ்வளவு ஆழம் வரை சென்றிருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு.

திருவிதாங்கூரில் பல்லாண்டு வாழ்ந்த சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் 1871-இல் இந்நாட்டைப் பற்றி ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த உழைப்பாளி மேல்சாதியாரிடம் எவ்வாறு பேசவேண்டியிருந்தது என்பதை அதில் எழுதிவைத்துள்ளார். "நான்" என்று சொல்லக்கூடாது. "அடியன்" என்றே சொல்லவேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லும் உரிமை இல்லை. கரிக்காடி என்று, அழுக்குக் கஞ்சி என்னும் பொருள்படச் சொல்லவேண்டும். உணவு உண்ண விடை கேட்கும்போது தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்கவேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிடவேண்டும். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளவேண்டும். இத்தகைய மொழியில் ஒருவர் கூலிக்காக நன்றி சொன்னால் அது எவ்வகை நன்றி? அதில் நன்மையை அறிதல் இல்லை. அச்சம் மட்டுமே உண்டு. இன்று அலுவலகங்களில் ஒருவர் ஊதிய உயர்வு பெற்றதும் "ஐயா போட்ட பிச்சை" என்று சொல்லிக் கைகட்டி நிற்பாராயின், அவர் அறியாமலே அந்தப் பழைய மொழியின் எச்சத்தைப் பேசுகிறார். வேடிக்கைக்காகக்கூட அவ்வாறு சொல்லலாகாது என்பது நம் கருத்து.

அந்த மொழி தானாக மாறிவிடவில்லை. திருவனந்தபுரத்துக்கு அண்மையில் உள்ள வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வயல் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்வித்தார். தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்குவதில்லை என்பது முதன்மையான கோரிக்கை. கூலி பற்றிய கோரிக்கையும் அதனுடன் இருந்தது. நெல் விளைய வேண்டிய வயல்களில் புல் மண்டியது. பட்டினி கிடந்தும் தொழிலாளர் அசையவில்லை. முடிவில் நிலவுடைமையாளர் இறங்கிவந்து பேச வேண்டியதாயிற்று. அப்போது உயர்ந்த கூலிக்கு யார் யாருக்கு நன்றி சொல்வது? அய்யன்காளி பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்தார். வாய்பொத்திப் பேசவேண்டும் என்று விதிக்கப்பட்ட மக்களின் சார்பில் அவர் அரசவையில் பேசினார்.

ஊதிய உயர்வு கொடுப்பவரின் தயவு மட்டும் அன்று என்பதை இன்னொரு புறத்திலிருந்தும் காணலாம். கும்பகோணத்தில் 1828-இல் பிறந்த மாதவராவ், இளவரசர்களுக்கு ஆசிரியராகத் திருவனந்தபுரம் வந்து, ஏறத்தாழ முப்பது வயதில் திவான் ஆனார். 1872 வரை அப்பதவியில் இருந்தார். அரசுப் பணியாளரின் சம்பளத்தை உயர்த்தியது அவர் செய்த சீர்திருத்தங்களுள் ஒன்று. காரணம் இரக்கம் மட்டும் அன்று, கணக்கும்கூட. வயிற்றுக்குப் போதாத சம்பளம் பெறும் அதிகாரி, குடிகளிடம் கைநீட்டித்தான் பிழைப்பான். அவனுக்கு அரசு மிச்சப்படுத்தும் ஒரு ரூபாய்க்காக மக்கள் பத்து ரூபாய் இழப்பர். ஆகவே உயர்ந்த சம்பளத்தால் அதிகாரியைவிட அரசுக்கும் குடிகளுக்குமே பயன் அதிகம். மாதவராவின் சிலை இன்றும் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கிறது. அந்தச் சந்திப்புக்கே ஸ்டாச்சு என்று பெயர். பேருந்து நடத்துநர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று கூவும்போது, சம்பளம் உயர்த்திய ஒரு மேலதிகாரியின் நினைவைத்தான் கூவுகிறார் என்பது பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அமெரிக்காவிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் தம் மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளரின் நாட்கூலியை ஏறத்தாழ இருமடங்காக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். உலகம் வியந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் அவர் தொழிற்சாலையில் சுமார் 14,000 வேலையாட்களை நிலைநிறுத்துவதற்கு 52,000-க்கும் மேற்பட்டோரைப் புதிது புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர் நிற்கவில்லை. கூலி உயர்ந்ததும் நின்றனர். செலவைக் குறைப்பதற்குத் தாம் கண்ட சிறந்த வழிகளுள் அது ஒன்று என்று ஃபோர்டே பிற்காலத்தில் எழுதினார். அந்த ஐந்து டாலரை முழுமையாகப் பெறுவதற்குத் தொழிலாளர் வீட்டில் ஒழுங்காக வாழ்கிறார்களா என்று ஆள் அனுப்பிச் சோதித்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

அரசுப் பணியாளரின் நிலை வேறு. அவர்களுக்கு ஊதியத்தைத் தனி மனிதர் எவரும் உயர்த்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் உயர்வு விதிப்படி வருகிறது. பெரிய உயர்வு ஊதியக் குழுவின் வழியாக வருகிறது. மத்திய அரசின் முதல் ஊதியக் குழு 1947-இல் மிகக் குறைந்த மாத வருவாயை 55 ரூபாயாக வகுத்தது. ஏழாவது குழுவின்படி 2016 முதல் அது 18,000 ரூபாய் ஆயிற்று. கேரளத்தில் பதினோராவது ஊதியத் திருத்தத்தின்படி குறைந்த அடிப்படைச் சம்பளம் 16,500 ரூபாயிலிருந்து 23,000 ரூபாயாக உயர்ந்தது. இவை எளிதில் வந்தவையும் அல்ல. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். 1973-இல் கேரள அரசு ஊழியரின் வேலைநிறுத்தம் 54 நாள் நீடித்தது. 2002-இல் 32 நாள். இப்படி வந்த உயர்வு ஸ்பார்க் என்னும் கணிப்பொறி ஏற்பாட்டின் வழியே சம்பளப் பட்டியலில் ஏறிவிடுகிறது. இதற்காகப் பிரிவு அதிகாரியின் அறைக்குச் சென்று நன்றி கூறினால் அவரே திகைப்பார். ஏனெனில் அவருக்கும் அதே நாளில் அதே பட்டியலில்தான் உயர்ந்திருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த பணிப்பதிவேட்டைத் தேடி எடுத்து, விடுபட்ட பதிவைச் சரிசெய்து, நிலுவையை வாங்கித் தந்த கணக்குப் பிரிவு எழுத்தரிடம் நன்றி சொல்லத்தான் வேண்டும். நாம் பெரும்பாலும் மேலே பார்த்துச் சொல்கிறோம். பக்கத்து மேசையைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஊதியம் உழைப்புக்கு உரியது. அதனைத் தானம்போல் எண்ணி நன்றி சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் தனியார் நிறுவனத்தில் ஒருவருக்குத் தனியாக உயர்வு கிடைக்கும்போது நன்றிக்கு இடமே இல்லையா? உண்டு. பலர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரின் வேலையைக் கவனித்து, மதித்து, தமக்கு மேலே உள்ளவரிடம் அதனை எடுத்துச் சொல்வது மேலதிகாரி தம் கடமைக்கு அப்பால் எடுத்துக்கொண்ட சிரமம். பணத்தை நிறுவனம் தருகிறது; கவனத்தை அவர் தருகிறார். அந்தக் கவனத்துக்குத்தான் நன்றி. இந்த வேறுபாடு மனத்தில் தெளிந்துவிட்டால் நா தடுமாறுவதில்லை.

சங்கப் புலவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னர் புலவர்க்கு அளித்த பரிசில்களைக் கணக்குப்போலக் கூறுகின்றன. கபிலருக்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் கொடுத்ததோடு, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறிநின்று கண்ணுக்கு எட்டிய நாடெல்லாம் கொடுத்தான் என்பது ஒரு பதிகத்தின் செய்தி. அதற்காகக் கபிலர் எவர் முன்னும் குறுகி நிற்கவில்லை. பெருஞ்சித்திரனார் செய்தி இதனினும் சிறந்தது. வறுமையோடு அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. முகம் பாராமல் கொடுக்கும் பொருளுக்காகத் தாம் வாணிகம் செய்ய வரவில்லை என்றும், தம் தகுதியை அறிந்து தினையளவு கொடுத்தாலும் இனிது என்றும் பாடிச் சென்றார். இன்று உயர்வுக் கடிதங்கள் நள்ளிரவில் மின்னஞ்சலில் வந்து விழுகின்றன. பெருஞ்சித்திரனாரைப்போல் திருப்பி அனுப்ப நமக்குத் துணிவும் இல்லை, வசதியும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் நாமே சென்று முகத்தைக் காட்டலாம். அவர் பாராமல் கொடுத்தாலும் நாம் பார்த்துச் சொல்லலாம் அல்லவா?

எப்படிச் சொல்வது? சுருக்கமாக; நின்றுகொண்டே; இரண்டு நிமிடத்தில். பிறர் இல்லாத வேளையில் சொல்வது நலம். உயர்வு பெறாத தோழர் எதிர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது சொல்வது அவருக்குப் புண்ணில் கோல் இட்டதுபோல் ஆகும். தொகையைக் குறிப்பிட வேண்டியதில்லை. எந்த வேலை கவனிக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டால் பேச்சில் உயிர் இருக்கும். உதாரணமாக: "சார், ஊதிய உயர்வுக் கடிதம் வந்தது. சென்ற ஆண்டு தணிக்கை வேலையை நீங்கள் நினைவில் வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ச்சி அடைந்தேன். மிக்க நன்றி." மலையாளி மேலதிகாரியிடம் இதையே சொல்லி, முடிவில் "வளரெ நந்தி, சார்" என்று சேர்த்துக்கொண்டால் அவர் முகம் மலரும். எழுதுவதானால் நான்கு வரிக்கு மேற்படாத கடிதம் போதும். "தங்கள் பொற்பாதங்களுக்கு", "என் குலம் உள்ளளவும்" முதலிய தொடர்களைக் கதைகளுக்கே விட்டுவிடலாம். அதே மூச்சில் விடுப்பு கேட்பதும், இன்னும் உயர்வு வேண்டும் என்பதும் கூடா. நன்றி சொல்ல வந்தவர் வேறு எதற்கோ வந்தார் என்ற எண்ணம் தோன்றிவிட்டால் சொன்னது அத்தனையும் வீணாகும்.

கையில் பொருளோடு செல்லலாமா? பழைய கேரளத்தில் ஓணத்துக்குக் குடியானவர் நிலவுடைமையாளருக்கு வாழைக்குலையைக் காழ்ச்சையாகக் கொண்டு வைப்பர். அவர் புதுப் புடவை கொடுத்து அனுப்புவார். கொடுப்பதும் பெறுவதும் அழகாகத் தோன்றினும், காழ்ச்சை வைக்காதவரின் குத்தகை என்னாகும் என்ற கேள்வி அந்தக் குலையின் பின்னே தொங்கிக்கொண்டிருந்தது. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை முறையையே முடித்துவிட்டது. மத்திய அரசு ஊழியர்க்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அன்பளிப்புப் பெறுவதற்கு வரம்பு கட்டியதோடு, முன்னனுமதி இல்லாமல் பாராட்டிதழ் பெறுவதையும் தடுத்தன. பிரிவு உபசாரத் தேநீரைப் போன்ற எளிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் இடம் கொடுத்தன. தனியார் அலுவலகத்துக்கும் இது நல்ல வழிகாட்டி. வீட்டில் செய்த பாயசத்தை அலுவலகத்தார் அனைவருக்கும் கொண்டுவந்தால் மேலதிகாரிக்கும் ஒரு கிண்ணம் போகட்டும். அவருக்கு மட்டும் தனியே ஒரு பொட்டலம் போனால் அதற்குப் பெயர் வேறு.

எதிர்பார்த்ததைவிட உயர்வு குறைந்திருந்தால்? கவனத்துக்கு நன்றி சொல்லலாம். தொகையைப் பற்றி அன்று பேசாமல், வேறொரு நாள் நேரம் கேட்டு, செய்த வேலைகளை எழுத்தில் எடுத்துச் சென்று பேசலாம். நன்றி சொல்லிவிட்டோமே, இனி எப்படிக் கேட்பது என்று தயங்கவேண்டியதில்லை. நன்றி ரசீது அன்று. கையெழுத்திட்டதோடு பாக்கி தீர்ந்துபோவதில்லை. சங்கத்தின் வழியாகக் கோரிக்கை வைப்பவர் நேரில் மரியாதையாக நன்றி சொல்வதிலும் முரண்பாடு எதுவும் இல்லை.

இதுவரை நாம் ஊதியம் பெறுபவராகவே பேசினோம். நம்மில் பெரும்பாலோர் கொடுப்பவரும் ஆவோம். கரமனையிலோ கோட்டைக்குள்ளோ பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் ஓர் அம்மாள் வருகிறார். ஓணத்தை ஒட்டி அவருக்கு மாதம் இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். நமக்குச் சுருக்கென்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நம் மேலதிகாரியிடம் எதற்காக நன்றி சொல்லலாம், எதற்காகச் சொல்லவேண்டாம் என்று இவ்வளவு நேரம் வகுத்தோமே, அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். நெல்லும் எண்ணெயும் பேருந்துக் கட்டணமும் ஏறியபின், அவர் கேட்குமுன் நாம் கூட்டினோமா, இரண்டுமுறை கேட்டபின் கூட்டினோமா? அவருடைய வேலையில் எதைக் கவனித்தோம் என்று அவரிடம் சொன்னோமா, அல்லது நோட்டை மட்டும் நீட்டினோமா?

அவர் நன்றி சொன்னாலும் அதைப் பெறும் முறை ஒன்று உண்டு. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தலையை ஆட்டி வள்ளலாகக் காட்சி தருவதைவிட, "நீங்கள் செய்யும் வேலைக்குத்தான் அம்மா, அடுத்த ஓணத்துக்கு மறுபடியும் பார்த்துக் கூட்டுவோம்" என்று சொல்லிவிடலாம். சொன்னதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஆவணி வரும்போது அவராகக் கேட்க நேராமல் இருக்கும்.